ஊறின்றி

சோமனூருக்கும் காரணம்பேட்டைக்கும் நடுவே
விசைத்தறிக் கொட்டகை எரிந்த மறுநாள்
ஸ்கூட்டரில் போய் இறங்கினேன்.
என் பிழைப்பு சேதத்தை எண்ணுவது.
எரிந்ததற்கு விலை போட்டுவிடலாம்.
எரியாததற்குத்தான்
சொல் தேட வேண்டியிருக்கிறது.

பதினாறு தறியில் பதினொன்று கரி.
மீதி ஐந்துக்கு நேரே
கம்பெனிப் படிவத்தில் 'அன்ஸ்கேத்ட்' என்று எழுதினேன்.
பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார்.
"அப்படீன்னா என்னங்க?"
"ஊறு இல்லைங்க."
"ஊறுகாயிங்களா?"
சிரிக்கலாம் என்று இருவரும் நினைத்தோம்.
கொட்டகைக்குள் இன்னும் புகைந்தது.

அந்தச் சொல்லின் சாதகம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.
ஸ்கேத் என்றால் ஊறு.
வடகடல் தாண்டிப் படகேறி வந்தவர்கள்
வாளோடு கொண்டுவந்து இறக்கியது.
அங்கே ஏற்கெனவே அதற்கொரு பங்காளி இருந்தான்:
தீங்குக்கும் அவன்தான் பேர்,
தீங்கு செய்பவனுக்கும் அவன்தான் பேர்;
களவையும் கள்ளனையும்
ஒரே கயிற்றில் கட்டியது போல.
பிற்பாடு தீ நக்கிப் போன இடத்துக்கும்
அதையே வைத்தார்கள்.
அப்புறம் என்ன ஆயிற்றோ,
தனியாக நிற்கும் தெம்பு போய்விட்டது.
'இல்லை' என்கிற கைத்தடி இருந்தால்தான்
இப்போது வாசலுக்கே வரும்.

கிரேக்கத்தில் இதைவிட மோசம்.
ஏடுகளில் அகப்படுவது
'ஊறில்லாதவன்' ஒருவன் மட்டுமாம்.
ஊறு என்ற சொல் தனியே எங்குமில்லை.
மரம் போன பிறகும்
நிழல் மட்டும் விழுந்து கிடக்கிறது.

நம்முடையதும் இளைத்ததுதான்.
இடையூறு என்று
எதன் இடையிலாவது ஒண்டிக்கொண்டு காலம் தள்ளுகிறது.
ஆனால் பழைய தமிழில்
தோல் அறிவது முழுக்க ஊறு.
தணல் பட்டாலும் ஊறு,
தலை கோதினாலும் ஊறு.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவன்
எந்த வீட்டில் என்ன பார்த்தானோ.

ஐந்தாவது தறியைத் தாண்டி
தூளி தொங்கிய இரும்புக் குழாயின் கீழே
ஜேமா உட்கார்ந்திருந்தாள்.
கஞ்சம் பக்கத்திலிருந்து தறி ஓட்ட வந்தவள்.
தீப்பிடித்தபோது
தூளியில் எட்டு மாதம் தூங்கிக்கொண்டிருந்தது.
தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்பதில்
இரண்டு கதைகள் இருந்தன.
நான் எதையும் குறிக்கவில்லை.
படிவத்தில் தறிக்குக் கட்டம் உண்டு,
பாவுக்கு உண்டு, நாடாவுக்கு உண்டு,
தூளிக்கு இல்லை.

அவள் விரல் எண்ணிக்கொண்டிருந்தாள்.
இந்தக் கையில் ஐந்து.
அந்தக் கையில்.
கால்.
காது மடல், கழுத்து மடிப்பு,
புருவத்தில் ஒவ்வொரு மயிராக.
மறுபடி முதல் கை.
"நேத்து ராத்திரி புடிச்சு எண்ணீட்டே இருக்குதுங்க"
என்றார் பொங்கியண்ணன்,
கரிந்த தறிகளின் பக்கம் திரும்பிக்கொண்டு.

நான் நிற்பதைக் கண்டு
"ஒண்ணும் இல்ல" என்றாள்.
இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த தமிழ்
பெரும்பாலும் இப்படித்தான் முடியும்:
கரண்ட் இல்ல, லீவு இல்ல,
முன்பணம் இல்ல.
ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல என்று
தொட்டுத் தொட்டுத் தேடினாள்.
ஊறு தேடிப் போன ஊறு
உள்ளங்காலில் கூசிற்றோ என்னவோ,
குழந்தை வீறிட்டது.
அவள் ரவிக்கை நனைந்தது.
அப்படி ஊறுவதற்கும்
வேறு சொல் கிடையாது நம்மிடம்.

முகத்தைத் திருப்பிப் படிவத்தைப் பார்த்தேன்.
எதைத் தொட்டேனோ,
'அன்ஸ்கேத்ட்' மேல்
என் கட்டைவிரல் கரியாய்ப் பதிந்திருந்தது.
கைக்குட்டையால் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்கப் பரவியது.
"பரவாயில்லீங்க" என்றார் பொங்கியண்ணன்.