நூற்றிலிருந்து ஏழு

தொரப்பாடி பெண்கள் சிறையிலிருந்து
குடியாத்தம் கோர்ட்டுக்கு
லத்தேரி வழியாக ஒரு மணி நேரம்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
கெங்கம்மாவை நான்தான் கூட்டிப்போவேன்.
ஆயுதப்படைப் பெண் காவலர். எண் எதற்கு.
வேன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருப்பாள்.
பாலாற்றுப் பாலம் வந்ததும் எழுந்து நிற்பாள்,
வெறும் மணலுக்கு ஒரு கும்பிடு.

குற்றம்: பன்னிரண்டு லுங்கி.
தறிக்கார ஏகாம்பரத்தின் கடை வாசலில்
கட்டி வைத்திருந்தது, எல்லாம் நீலம்.
தூக்கிப்போனவள் விற்கவில்லை, உடுத்தவில்லை.
கவுண்டன்யா மணலில் நுனியோடு நுனி சேர்த்து
நெடுக விரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து
"வெள்ளம் வந்துகினு கீது,
புள்ளைங்கள தள்ளிப் போவச் சொல்லு" என்று
போகிறவர் வருகிறவரை அதட்டியிருக்கிறாள்.
முதல் தகவல் அறிக்கையில் ஆறு இல்லை.
லுங்கி இருக்கிறது, நெம்பர் போட்டு.

டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார்.
"அவ வரல" என்பாள் மூன்று முறையும்.
பெஞ்சு கிளார்க் சிரிப்பார். நடுவர் சிரிக்கமாட்டார்.
சட்டம் கேட்பது சின்னக் கேள்வி:
உன்மேல் சொல்வது உனக்கு விளங்குகிறதா,
உன் பக்கத்தை வக்கீலுக்கு எடுத்துச் சொல்வாயா.
விளங்காதவளை விசாரிக்கக் கூடாது.
நல்ல சட்டம். நானும் வாங்கிப் படித்தேன்.
விசாரிக்காதவளை என்ன செய்வதென்ற இடத்தில்
இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதுபோல்
யாருக்கும் புரட்ட வருவதில்லை.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.
இன்று என்ன கிழமை?
"சோறு போட்ட கெழம."
ஜட்ஜ் என்றால் யார்?
"ஃபேனுக்குக் கீழ குந்திகினு கீறவரு."
நூற்றிலிருந்து ஏழைக் கழி.
"அந்த ஏழ யாரு எட்துகினு போனது?
அதையும் எம்மேல எழுதிடாதீங்க."

விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை.
கீழ்ப்பாக்கம் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.
வாய்தா.
நடுவர் மூன்று பேர் மாறினார்கள். வாய்தா.
சட்டமே மாறியது,
முன்னூற்று இருபத்தெட்டாய் இருந்தது
முன்னூற்று அறுபத்தேழானது.
கெங்கம்மாவுக்கு அதே ஜன்னல் கம்பி.

வைகாசி முதல் நாள் ஊரில் சிரசு ஊர்வலம்.
தலை மட்டும் தெருத்தெருவாய் வரும்,
உடைத்த தேங்காயில் சாக்கடைகூட இனிக்கும்.
உடம்பு கோயிலில் காத்திருக்கும்.
பந்தோபஸ்துக்கு நின்றிருந்தேன்,
கூண்டில் நிற்கிற உடம்பொன்று நினைவுக்கு வந்தது.
கூட்டம் தள்ளியது. மறந்துபோனேன்.

ஏழாம் வருஷம் மாத்திரை பிடித்தது.
இந்த ஐப்பசியில், நல்ல மழை,
டவாலி கூப்பிட்ட முதல் தடவையே
"கீறேங்க" என்றாள். தொண்டை கம்மியிருந்தது.
நடுவர் குற்றச்சாட்டை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.
விளங்குகிறதா?
"விளங்குது. எடுத்தது நெசம்.
இதுக்கு எத்தினி வருசங்க?"
அதிகபட்சம் மூன்று, என்றார் இலவச வக்கீல், தரையைப் பார்த்து.
ஒரு கையை முழுதாய் விரித்தாள்,
மறுகையில் இரண்டு விரல்.
பிறகு ஒவ்வொன்றாய் மூன்றை மடக்கினாள்.
சரியாகவே கழித்தாள்.
மிச்சத்தை யாரிடம் காட்டுவதென்று தெரியாமல்
நாலு விரலையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.
டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டாள்.

பித்தேறியிருந்த நாளில்
அவள் அழுது நான் பார்த்ததில்லை.

உத்தரவு சிறைக்கு வந்து சேர நாளைக்கு ஆகும்.
திரும்பும்போது வேனில் கேட்டாள்:
"ஏம்மா, ஆத்துல தண்ணி வந்துச்சா?"
வந்தது. அவள் உள்ளே போன மூன்றாம் வருஷம்.
தரைப்பாலத்துக்கு மேல் ஆள் உயரம்,
கரையோரத்து வீடுகளை இழுத்துக்கொண்டு.
"வந்துச்சு" என்றேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.
"நாந்தான் சொன்னனே."

பாலாற்றுப் பாலம் வந்தது.
அவள் எழுந்திருக்கவில்லை.
தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி
நான் கையைத் தூக்கினேன்.