ஹாஜியார் பார்க்கட்டும்

முத்தைப் பல்லில் உரசினால்
மணல் பேசும்.
நாற்பது வருஷம் அதைக் கேட்டுத்தான்
செட்டியார் தெருவில் விலை சொன்னேன்.

இன்றைக்கு ஹோட்டல் மண்டபம்.
குளிரூட்டி, வெள்ளை விளக்கு.
கழுத்து அட்டையில் நளீமை
நலீம் என்று அடித்திருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பிலோமினா
மருந்துப் புட்டியின் பஞ்சுக்குள்ளிருந்து
ஒன்றை எடுத்து வைத்தாள்.
பால் நிறம், அடியில் கொஞ்சம் ரோஜா.
"சிலாபத்துறை" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஜப்பான்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.
காயல்பட்டினத்துப் பையன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.
"ஹாஜியார் பார்க்கட்டும்."

உரசினேன்.
மணலும் இல்லை, கடலும் இல்லை.
போன மாசம்தான் வெள்ளவத்தையில்
மேல்வரிசை முழுக்கப் பல் கட்டினேன்;
யாருக்குத் தெரியும்?

கண்ணை மூடி, தலையை ஆட்டி,
"ம்" என்றேன்.
அந்த ஒற்றை எழுத்துக்கு
விலை இரண்டு மடங்கு ஏறியது.

பயம் வந்துவிட்டது.
"ஒருக்கா வெளிச்சத்துல பாத்துட்டு வாறேன், தங்கச்சி."
பொத்திக்கொண்டு
பின்கதவுப் பக்கம்
எக்ஸ்ரே மேசைக்கு நடந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால்
ரத்தினசபாபதி. முப்பது வருஷப் போட்டிக்காரர்.
கையில் யாருடையதோ ஒரு முத்து.
என்னைக் கண்டதும் சிரித்தார்,
வாயைத் திறக்காமல்.