குறைந்தபட்சத் தொகை

மார்க்கம் வீதியில் பனி கொட்டிய மாதம்
அப்பாவின் வலத்தோள் கழன்றது.
கிடங்கின் அட்டவணையில் இப்போது
வேறொருவர் பெயர்.

கடனட்டைக் கணக்கு வரும் உறைகளை
அம்மா அரிசி வாளிக்குக் கீழே வைப்பாள்,
கிழிக்காமல்.
கிழிக்காத கடன் வளராது என்பதுபோல்.

பன்னிரண்டாம் வகுப்பு. கூட்டுவட்டி.
மிஸ்டர் பின்டோ வெண்பலகையில்
அடுக்கைச் சின்னதாய் மேலே எழுதினார்.
மணி அடித்தும்
அந்தச் சின்ன எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு பதினொரு உறைகளைக் கிழித்தேன்.
ஆறாயிரத்து நானூறு டொலர்.
குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால்
முடிய இருபத்தெட்டு வருடம், ஏழு மாதம்.
அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்,
மூன்றாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.
அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

"சீட்டை இந்த மாசம் கூறி எடுத்தா
கழிவு எவ்வளவு போகும் அம்மா?"
தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே
ஒரே மூச்சில் சொன்னாள்:
தாச்சிக்குப் போவது, கழிவு, கையில் மிஞ்சுவது,
நகுலா அன்ரி ஏன் தை மாதம்வரை பொறுப்பாள் என்பதும்.
கல்குலேற்றர் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.
உறைக்குப் பயந்த அதே மனுசி.
உறைதான் ஆங்கிலத்தில் இருந்தது.

வாட்டர்லூ விண்ணப்பத்தில்
காப்புறுதிக் கணிதம் என்று போட்டேன்.
ஏன் இந்தத் துறை என்ற கேள்விக்கு
அழகாய் ஏதோ எழுதி அழித்தேன்;
இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.

மாணவர் கடன் படிவத்தில்
குடும்ப வருமானம் என்ற பெட்டியை
அப்பா தானே நிரப்பினார், இடக்கையால்.
ஏழு மட்டும் மறுபக்கம் திரும்பி நின்றது.
நான் திருத்தவில்லை.