நானூற்று ஐம்பது கிராம்

காங்கயத்துக்குக் கிழக்கே, கரூர் ரோட்டில்,
இரண்டு தேங்காய்க் களத்துக்கு நடுவில் என் கடை.
வாய் பிளந்து காய்கின்றன
வெள்ளை வெளேரென்று ஆயிரம் ஆயிரம் மூடிகள்.
அவற்றுக்கு வெயில் வேண்டும்.
எனக்கும் வேண்டும் என்று சத்தமாகச் சொன்னால்
அடிக்க வருவார்கள்.

நல்லமுத்து அண்ணனின் வாடகை வண்டி
காலையிலிருந்து பானெட் திறந்து நிற்கிறது.
கம்ப்ரசர் மாற்றியாயிற்று. கண்டன்சர், டிரையரும்.
கழற்றியதையெல்லாம் சாக்கில் பரப்பி வைத்திருக்கிறேன்,
அவர் கண்ணால் பார்க்கட்டும்.

“முடிஞ்சுதா அம்மணி?
ஏழு மணிக்குக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல நிக்கோணும்.”

நிரப்பும் முன் காலி செய்ய வேண்டும்.
காலியாத்தானே இருக்குது, என்கிறார்.
இல்லீங்ணா, காத்து இருக்குது.
காத்துக்குள்ள ஈரம் இருக்குது.
ஒரு சொட்டு போதும்,
வால்வுக்குள் உறைந்து வழியை அடைக்க.

நீலக் குழாய், சிவப்புக் குழாய், நடுவில் மஞ்சள்.
கடகடவென்று கத்திய பம்ப்
காற்று குறையக் குறையத் தொண்டை கட்டித் தணிந்தது.
முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி
இருபத்தொன்பதில் நின்றது.
முக்கால் மணி நேரம்.
அதற்குள் அவருக்கு இரண்டு டீ,
வீட்டோடு போனில் ஒரு சண்டை,
சண்டை முடிந்து என்ன குழம்பு என்ற விசாரணை.

வால்வுகளை மூடினேன். பம்ப்பை அணைத்தேன்.
இனி எதையும் தொடக்கூடாது.
ஒன்றுமில்லாதது ஒன்றுமில்லாமலே இருக்கிறதா
என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.
இதற்குக் கூலி கேட்டால் யார் தருவார்?

பத்து நிமிடம். அசையவில்லை.
பதினைந்து.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
இருபத்தெட்டு.
களத்தில் காக்காய் விரட்டுகிறவள் தகரத்தைத் தட்டினாள்.
இருபத்தேழரை.

எங்கே என்று எனக்குத் தெரியும்.
கம்ப்ரசருக்குப் பின்னால், தடித்த குழாய் சேருமிடம்.
காலையில் பச்சை ரிங்கைத் தேடினேன், கிடைக்கவில்லை,
பழைய கறுப்பையே துடைத்துப் போட்டேன்.
பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.
இப்போது சுடிதாருக்கு மேலே போட்ட
ஆண் சட்டையின் பைக்குள் கை விட்டால்
பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பச்சை.

அவருக்கு முள் பார்க்கத் தெரியாது.
கேஸ் அடித்து அனுப்பினால்
மூன்று வாரம் ஜில்லென்று ஓடும். ஒரு மாதம்கூட.
பிறகு வருவார், தலையைச் சொறிவார்,
இன்னொரு தடவை காசு தருவார்.
அரை நிமிடம் யோசித்தேன்.
சரி, ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“சித்த நேரம் ஆவுங்ணா.
நாந்தான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்.”
வாட்ச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
“செரி, இன்னொரு டீ சொல்லு.”

வால்வைத் திறந்ததும்
முக்கால் மணி நேரம் புஸ்ஸென்று
திரும்ப உள்ளே போனது.

ரிங். எண்ணெய். முறுக்கு. மறுபடி பம்ப்.
இந்த முறை முள்
சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.
என் தராசு போன வாரமே செத்துப்போச்சு,
எண்ணெய் மில்லில் சாம்பிள் நிறுக்கும் தராசுதான் இரவல்.
கொப்பரைப் பிசுக்கு ஒட்டிய தட்டில்
சிலிண்டரை வைத்துக் குளிரை நிறுத்தேன்.
நானூற்று ஐம்பது கிராம்.
கூடினால் கம்ப்ரசர் முக்கும்,
குறைந்தால் வருவது வெறும் காற்று.

இன்ஜின் ஓட, சிலிண்டர் என் கையில் ஜில்லிட,
தெர்மாமீட்டர் முப்பத்தாறு, இருபது, ஒன்பது.
அவர் சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றி
முகத்தைக் கொண்டுபோய் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பில்லை மட்டும் இரண்டு தரம் படித்தார்.
“ரிங்குக்கு ஒண்ணும் போடலியே?”
“அது என்ற கணக்குங்ணா.”
அப்படியும் முந்நூறு குறைத்துத்தான் கொடுத்தார்.

நாலே முக்காலுக்குப் போனது வண்டி.
நின்ற இடத்தில் உள்ளங்கை அகலம் ஈரம்,
கரூர் ரோட்டுக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்.
ஒரு தவிட்டுக்குருவி பக்கம் வந்து
தலையைச் சாய்த்துப் பார்த்தது.
நான் நோட்டை எடுத்துத் திரும்புவதற்குள்
காய்ந்துவிட்டது.