படத்தின் ஓரத்தில் போகிறவள்

மூன்றாம் முறை திருத்திய கடிதத்தில்
ஒரு வினைச்சொல் மட்டும் நிற்க மறுக்கிறது.
'கண்டிக்கிறோம்' என்கிறாள் வெர்னா.
'கவலைப்படுகிறோம்' போதும் என்கிறான்
ஓமஹாவிலிருந்து ஹார்லன்.
வழக்கறிஞராய் இருந்தவன்.
சொற்களை உடையாமல் இறக்கி வைக்கத் தெரிந்தவன்.
வெளியே அயோவா முழுக்கப் பனி.
பனியகற்றும் வண்டி
என் வாசலில் அள்ளியதை
பக்கத்து வாசலில் குவித்துவிட்டுப் போகிறது.

நாங்கள் கேட்பது பெரிதில்லை.
குண்டுக்கு இறக்கை செய்யும் கம்பெனியில்
கல்லூரிக்குப் பங்கு இருக்கிறது,
அதை விற்கட்டும்.
அங்கே இடிந்துபோன பல்கலைக்கழகத்தின் பெயரை
ஒரு முறை, ஒரே ஒரு முறை,
தன் வாயால் சொல்லட்டும்.

இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து.
நேற்றிலிருந்து இருநூற்றுப் பதின்மூன்று:
டுவேன் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டான்,
பேத்தி அங்கே விண்ணப்பித்திருக்கிறாளாம்.
கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை.
ராய்ஸ் இறந்து நான்கு வருடம்.
அவன் மனைவி கேட்கிறாள்,
அவனுக்காக நான் போடலாமா,
உயிரோடிருந்தால் முதல் ஆளாய்ப் போட்டிருப்பானே என்று.
விதி என்ன சொல்கிறது, தெரியவில்லை.
விதியை எழுதியவர்களும் நாங்கள்தான்.

கல்லூரித் தலைவரின் பதில் வந்துவிட்டது.
மூன்று பத்தி.
கல்லூரி ஒரு மனிதரல்ல, அதற்கென்று கருத்து கிடையாது,
கருத்துகள் சந்தித்துக்கொள்ளும் இடம் மட்டுமே அது
என்று அழகாகவே எழுதியிருக்கிறார்.
அதே உறையில் புது ஆண்டு மலர்.
நடுப்பக்கத்தில் எழுபதாம் வருடத்து மே மாதம்:
புல்வெளி கொள்ளாத மாணவர்கள்,
மணிக்கூண்டிலிருந்து தொங்கும் படுக்கை விரிப்பில்
'போரை நிறுத்து' என்று கறுப்பு எழுத்து.
கீழே: மனசாட்சி எங்கள் மரபு.

ஐம்பது வருடம் ஆறப்போட்டால்
எந்த மனசாட்சியையும்
பளபளப்புத் தாளில் அச்சடிக்கலாம் போல.

படத்தில் ஹார்லன் மணிக்கயிற்றோடு நிற்கிறான்.
வெர்னாவின் பாதி முகம், வாய் திறந்தபடி.
நானும் இருக்கிறேன்.
இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.
வலது ஓரத்தில், மங்கலாக,
புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு
கூட்டத்தைச் சுற்றிப் போகிறவள்.
கரிம வேதியியல் தேர்வு, பத்து மணிக்கு.
எழுதினேன். தொண்ணூற்றொன்று.
ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை கெய்லார்டுடையது.
முந்தின வருடம் படிப்பை விட்டவன்
ஏப்ரலில் பெட்டியில் வந்திருந்தான்.

மதில்மேல் பூனை என்பார்கள்.
மதில் வசதியான இடம், எனக்குத் தெரியும்,
அங்கிருந்து தேர்வு மண்டபத்துக்கு நேர் வழி.
அதனால் தலைவரின் மூன்று பத்தியை
முழுதாக வெறுக்க முடியவில்லை.
என் கையெழுத்தின் சாயல் இருக்கிறது அதில்.

இரவு ஏழரைக்குத் தொலைபேசி.
நன்கொடை கேட்கும் மாணவி, பெயர் மரிசோல்.
தாளைப் பார்த்து வாசிக்கிறாள்,
மூச்சு விடும் இடங்களில் தெரிகிறது.
சென்ற வருடம் போலவே ஐம்பது டாலர் தரலாமா?
மாட்டேன் என்றேன். ஏனென்றும் சொன்னேன்.
தாளில் அதற்கு வரி இல்லை போலும்.
அவளுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகளின் குரல்கள்,
யாருக்கோ நன்றி, யாருக்கோ மிக்க நன்றி.
பிறகு, தணிந்த குரலில்:
அந்தக் கடிதத்தில் நாங்களும் போடலாமா?

முன்னாள் மாணவர்கள் மட்டும் என்றேன்.
நாங்கள் எழுதிய இன்னொரு விதி.
மே பதினாறு எனக்குப் பட்டமளிப்பு என்றாள்.
அப்படியானால் பதினேழு.
சிரித்தாள். குறித்துக்கொள்வது கேட்டது.
அதுவரை போர் இருக்குமா என்று
இருவருமே கேட்கவில்லை.

வைத்த கையோடு
ராய்ஸின் மனைவிக்குப் போடச் சொல்லி எழுதினேன்.
வினைச்சொல்லுக்காக ஹார்லனோடு
காலையில் சண்டை போட வேண்டும்.
அவன் அங்கே மணியடித்தவன்.
நான் இப்போதுதான் வந்து சேர்கிறேன்.