அளவுகோல்

ஏப்ரல் கடைசியிலும் சுப்பீரியர் ஏரி
ஓரங்களில் வெள்ளையாய்த்தான் கிடந்தது.
கொட்டகைக்குள் என் மூச்சு புகைந்தது.
தார்ப்பாயை உருவினேன்.
நான்கு வருடத் தூசியோடு
சுண்டெலிக் குடும்பம் ஒன்றும் இறங்கிப் போனது.

மஞ்சள் பெயின்ட். பத்துக் குதிரைச் சக்தி.
தோட்டத்து டிராக்டர்தான்,
ஏறி உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும்.
ஆனாலும் எங்கள் இரண்டு ஏக்கரைப்
பதினெட்டுக் கோடைகள் மழித்தது,
ஒருமுறை தபால்காரியின் காரைப்
பள்ளத்திலிருந்து இழுத்தது.

பிறகு ஓர் ஆகஸ்ட் ஞாயிறு.
வென்டெல் ஓட்டிக்கொண்டிருந்தான்.
துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம்.
கனெக்டிங் ராடு முறிந்து
இரும்பு வயிற்றைக் கிழித்து
வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏற்றத்தில் முடுக்கியிருக்கிறாய்," என்றேன்.
"ஆமாம், முடுக்கத்தான் செய்தார்," என்றான் என் தம்பி அர்வோ.
அன்றிலிருந்து வென்டெலிடம் யாரும் எதையும் ஓட்டக் கொடுப்பதில்லை.
தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழி அறுக்கும் மின்கத்தியைக்கூட
அவன் கைக்கு எட்டாமல் நகர்த்திவைத்துச் சிரிப்போம்.
அவனும் சிரிப்பான்.
நான்கு வருடம் சிரித்தான்.

போல்ட்டுகள் வரமாட்டோம் என்றன.
இரவெல்லாம் துரு எண்ணெய் குடிக்கக் கொடுத்து
விடிந்ததும் சூடு காட்டி
கடைசியில் சாத்தானின் பெயரை ஃபின்னிஷ் மொழியில் சொன்னதும்
ஒன்று அசைந்தது.
மற்றவை அதைப் பார்த்து.

ராடின் அடியில் சின்ன அகப்பை ஒன்று உண்டு.
சுற்றுக்கு ஒருமுறை சட்டியில் முங்கி
எண்ணெயை அள்ளி எங்கும் வீசும்.
வேறு பம்பு கிடையாது இந்த எஞ்சினுக்கு.
சட்டியில் இருந்தால்தானே
அகப்பையில் வரும்?

கிராங்க் தண்டின் கழுத்தில்
அலுமினியம் உருகி அப்பியிருந்தது.
சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது.
சட்டியில் ஒரு பிசுக்குகூட இல்லை.
ஆனால் வடிகால் அடைப்பு இறுக்கமாக, ஒழுங்காக,
புத்தம் புதுச் செம்பு வாஷரோடு.

எங்கள் குடும்பத்தில்
செம்பு வாஷர் வாங்குகிற ஆள் ஒருவன்தான்.
முதல் நாள் சனிக்கிழமை
பழைய எண்ணெயை இறக்கியிருக்கிறான்,
அடைப்பைப் பூட்டியிருக்கிறான்,
அப்புறம் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

சமையலறைக்குப் போனேன். கையைக் கழுவவில்லை.
"நீ இல்லை," என்றேன்.
"எது நான் இல்லை?"
"ஏற்றம் இல்லை, வேகம் இல்லை. நீ இல்லை."
வென்டெல் கேரட்டைச் சீவிக்கொண்டே இருந்தான்.
"தெரியும்," என்றான்.
"அன்றைக்கே கோலை உருவிப் பார்த்தேன், இல்மி."
தோல் ஒன்று சிங்க்கில் விழுந்தது.
"அந்த மாதம்தான் அர்வோவுக்கு மில்லில் வேலை போயிருந்தது."

தம்பிக்குப் போனில் ஒன்றுதான் சொன்னேன்:
எஞ்சின் வேண்டும்.

சனிக்கிழமை கொண்டுவந்தான்.
செத்துப்போன சிமென்ட் கலவை எந்திரத்திலிருந்து கழற்றியது,
சாம்பல் நிறம்.
விலை கேட்டேன், காது கேட்காததுபோல் இருந்தான்.
தண்டின் தடிமன் சரி. துளைகள் பொருந்தவில்லை.
பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை அறுத்து
ஒரு தாங்கி செய்தோம்; அசிங்கமாக இருக்கிறது,
நிற்கிறது.

எண்ணெய் ஊற்றினான் அர்வோ.
அளவுகோலை உருவினான், சட்டைக் கையில் துடைத்தான்,
மறுபடி விட்டு, உருவி, வெளிச்சத்தில் பிடித்தான்.
மறுபடி துடைத்தான்.
மூன்றாவது முறையும்.
வென்டெல் விளக்கை அசையாமல் பிடித்திருந்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது இழுப்பில் இருமியது.
பதினொன்றில் நீலப் புகை கக்கிப்
பிடித்துக்கொண்டது.

அர்வோ இருக்கையைத் தன் தொப்பியால் தட்டினான்.
"நீங்கள் ஓட்டுங்கள்," என்றான் வென்டெலைப் பார்த்து;
பார்த்து என்று சொல்லிவிட முடியாது,
அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

ரிவர்ஸ் கியர் இன்னும் விழவில்லை.
போனால் வேலி முழுக்கச் சுற்றித்தான் வரவேண்டும்.
முழங்கால் மோவாயைத் தொட,
மிச்சமிருந்த பனியில் தடம் கீறி,
ஏற்றத்தில் வேண்டுமென்றே முடுக்கிக்கொண்டு
போனான் வென்டெல்.
கோட்டு மாட்ட மறந்து
நாங்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தோம்,
சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டபடி.