கயிற்றின் இந்த முனை

காதிஸுக்கு ஆறு மணி நேரம் தந்திருந்தார்கள்.
நாலரைக்குள் ஏறிவிட வேண்டும்,
கப்பல் யாருக்கும் காத்திராது என்று
இரவே அறைக்கதவின் அடியில் ஒரு தாள் நுழைந்திருந்தது.

சட்டையில் பதினான்கு என்று ஒட்டினார்கள்.
பதினான்கு எழுதிய மட்டையை உயர்த்தியபடி
வழிகாட்டிப் பெண் முன்னே போனாள்.
பின்னால் நாற்பது பேர், காதில் கருவி.
அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

மூன்றாம் திருப்பத்தில் முழங்கால் இடித்தது:
தெருமுனையில் நட்டுவைத்த பழைய பீரங்கி.
வண்டிச்சக்கரம் சுவரை உரசாதிருக்க
அந்தக் காலத்தில் புதைத்தார்களாம்.
அதன் தலைமேல் யாரோ குடித்துவிட்டு வைத்த
காப்பிக் கோப்பை, அடியில் கொஞ்சம் நுரை.
குனிந்து தேய்த்து நிமிர்ந்தேன்.
காதுக்குள் தேவாலயம் வந்துவிட்டது,
கண்ணெதிரே ஒருவருமில்லை.

குவிமாடம்... மஞ்சள்... ஆயிரத்து எழுநூற்று...
என்று குரல் நைந்து
கரகரத்து
நின்றது.

தொலைவதற்குத் தோதான ஊர் இல்லை இது.
எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் கடல்,
திரும்பி நடந்தால் இன்னொரு கடல்.

எதிரே ஒருவர் வந்தால்
படியேறி நின்று வழிவிட வேண்டிய சந்தில்
மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது
ஓர் அலமாரி.
வளைந்த மாடிப்படியில் நுழையாது போல.
மேலே பால்கனியில் வீட்டுச்செருப்போடு காசில்தா,
கீழே வியர்த்த பிடரியோடு ஃபெர்மின்,
அவன் பக்கத்தில் ஒல்லியாய் ஒரு பையன்.
இன்னொருவன் வருவதாகச் சொல்லி வரவில்லை என்பது
மேலிருந்து பொழிந்த வசவிலேயே விளங்கியது.

ஃபெர்மின் என்னைப் பார்த்தான்.
என் சட்டையைப் பார்த்தான்.
கத்தோர்சே, என்றான்.
திட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.
என் எண்ணைத்தான் அவன் மொழியில் படித்திருக்கிறான்.
கயிற்றின் ஒரு முனையைக் கையில் வைத்துவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் திரும்பிக்கொண்டான்.

அவூப்பா! என்றான்.
இழுத்தோம்.
அவூப்பா!
என் வாயில் அது அப்பா என்றே வந்தது.
பாரம் தூக்கும்போது
எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வரும்.

முதல் மாடி. எதிர்ச்சன்னலில்
உருளைக்கிழங்கு உரித்த கை நின்றது.
இரண்டாம் மாடி. லெவாந்தே என்று அவர்கள் சொல்லும்
கீழைக்காற்று சந்துக்குள் தலைகொடுத்தது.
அலமாரி சுழன்றது. கதவைக் கட்டியிருந்த
குளியல் அங்கியின் நாடா அவிழ்ந்தது.
உள்ளே ஆள் உயரக் கண்ணாடி.

அதில் முதலில் துணிக்கொடி,
பிறகு கீற்றளவு வானம்,
அண்ணாந்த மூன்று முகங்களில் ஒன்று என்னுடையது,
அப்புறம் தெருவின் கோடியில்
நேற்றுவரை இல்லாத வெள்ளைக் கட்டடம்,
பதினைந்து மாடி, புகைபோக்கியோடு.
அதில்தான் வந்திறங்கினேன்.

ஃபெர்மின் அதைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னான்.
நாளை என்ற ஒரு சொல் மட்டும்
எனக்குப் புரிந்தது.

கம்பியில் இடித்துப் பெயர்ந்த சுண்ணாம்பு
என் தலையில் கொட்டியது.
கத்தோர்சே! கத்தோர்சே!
காசில்தா மேலிருந்து என்னைத்தான் கத்தினாள்,
பல வருடமாய்த் தெரிந்தவனைத் திட்டுவதுபோல.
பிறகு இரண்டு கைகள் அதை உள்ளே வாங்கின.
கயிறு திடீரென்று லேசானது.
பொத்தென்று உட்கார்ந்தேன்.
அப்பாடா.
அப்பாடா, என்றான் பையன்,
சொல் பிடித்துப்போய் இன்னொரு முறை.

காகிதக் கூம்பில் பொரித்த சுறாத்துண்டுகள் கூலி.
கயிறு தோலுரித்த உள்ளங்கையில்
உப்பும் காடியும் பட்டு எரிந்தது.
நின்றபடியே தின்று தீர்த்தேன்.

இரவுச் சாப்பாட்டு மேசையில்
கோபுரம் ஏறினீர்களா என்றார்கள்.
இல்லை.
கதீட்ரல்?
இல்லை. சந்தை? இல்லை.
ஐயோ பாவம், என்று படங்களைக் காட்டினார்கள்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்,
இடக்கையால் நகர்த்தி.

கப்பல் விலகியபோது மேல்தளத்தில்தான் நின்றிருந்தேன்.
ஊர் முழுக்க ஒரே வெள்ளை,
எல்லாச் சன்னலும் அந்தச் சன்னல்போல.
எந்தச் சுவரோரம் வைத்திருப்பார்கள்,
கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதே
இப்போதும் யோசனை.
நான் கேட்டிருக்கலாம்.